பன்னிரண்டு கமுகு முளைகள்

கமுகு பாரமில்லாத மரம், ஐயா. முற்றிய கமுகைப் பிளந்து, சிலாகையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையைக் கூராகச் சீவினால் கூடாரம் அடிக்கிற பன்னிரண்டு முளையும் சேர்ந்து ஒன்றரை இறாத்தலுக்கு மேல் போகாது. ஊகத்தில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் புகையிலை நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார்கள்.

உங்களுக்கு என்னை நினைவிருக்க நியாயமில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு வைகாசியில், வடமராட்சிக் கிழக்குக் கரையில் மீன்பிடிக்கிறவர்கள் தங்குகிற ஒரு மீன்வாடியில் வைத்து நீர்வேலிச் சின்னாச்சியின் மரண விசாரணையை நீங்கள்தான் நடத்தினீர்கள். நான் அவருடைய இளைய மருமகள், மீனாம்பிகை. மற்றவர்களிடம் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடித்த பிறகு என்னைப் பார்த்து, "வேறை ஏதும் சொல்ல இருக்கே, பிள்ளை?" என்றீர்கள். "இல்லை ஐயா" என்றேன். வெயில் தாக்கியதால் மரணம் என்று எழுதிக் கையொப்பம் வைத்தீர்கள். நீங்கள் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. இப்போது இளைப்பாறித் தெல்லிப்பழையில் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று நான் சொன்ன பதிலை மட்டும் திருத்தலாம் என்று எழுதுகிறேன். பதினெட்டு வருடம் பிந்திவிட்டது. மன்னிக்க வேண்டும்.

நான் கரையில் பிறந்தவள். வடமராட்சி நாகர்கோவிலுக்கு அப்பால், கடலைப் பார்த்தபடி இருபது குடிசைகள் உள்ள ஒரு குறிச்சி. நீர்வேலியிலிருந்து சீவரத்தினம் என்பவர் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு வண்டியில் எங்கள் பக்கம் வருவார், போகும்போது கருவாடு ஏற்றிக்கொண்டு போவார். இரண்டு வருடம் இப்படி வந்து போனார். மூன்றாம் வருடம் அதே வண்டியில் நானும் ஏறிப் போய்விட்டேன். பருத்தித்துறையில் கலியாணப் பதிவெழுதிவிட்டு நீர்வேலிக்குப் போய்ச் சேர்ந்தோம். செம்மண் ஊர். தோட்டக்காரச் சனம். அந்த ஊரில் எங்களைப் போன்றவர்கள் மீன் கொண்டு போவார்கள், வாசல் படலையில் நின்று விற்பார்கள், திரும்பிவிடுவார்கள். வீட்டுக்குள் போய்ச் சமைக்கிற வழக்கம் இல்லை.

மாமி என்னைத் துரத்தவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுவாமியறைக்கு முன்னால் என்னை இருத்தி, கற்பூரம் கொளுத்தி, "இந்த வளவுக்குள்ளை கரைக் கதை கதைக்கமாட்டன் எண்டு அடிச்சுச் சத்தியம் பண்ணு. பிறகு நீ எங்கடை பிள்ளை" என்றார். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். அப்படிச் செய்த சத்தியத்தை மீறினால் பெறும் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் பகுதியில் எல்லோரும் நம்புவார்கள், நானும் நம்பினேன். உள்ளங்கையில் ஒரு கொப்புளம் வந்தது. மாமியே தேங்காயெண்ணெய் தடவிவிட்டார்.

அன்றிலிருந்து கடல், வலை, காற்று, மீன், என் தகப்பன், தாய் என்று எதைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. ஒரு மனுசிக்குக் கதைப்பதற்கு இவ்வளவு குறைவாகத்தான் மிஞ்சும் என்று எனக்கு முன்பு தெரியாது. குழம்பு உறைப்பா, தண்ணீர் இறைத்தாயிற்றா, மாட்டுக்கு வைக்கோல் போட்டாயிற்றா, அவ்வளவுதான். என்னை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஏதாவது ஒன்று எனக்குத் தெரிந்திருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை, அது மட்டும்தான். ஒருமுறை என் தகப்பன் என்னைப் பார்க்க வந்தார். மாமி படலைக்குப் போய், செம்பைக் கொடுக்காமல் அவருடைய இரண்டு கையிலும் தண்ணீரை வார்த்தார். அவர் குடித்துவிட்டுப் போய்விட்டார். போன பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே அழிந்தன. மூன்றாவது தங்கியபோது மாமி பல நாள் நடைத் தூரத்திலுள்ள வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். பிள்ளை உயிரோடு பிறந்தால் வைகாசிப் பொங்கலுக்குக் கரை வழியாக நடந்தே வந்து பொங்குவதாக. பிள்ளை பிறந்தாள். பத்மாசினி என்று மாமிதான் பெயர் வைத்தார். முப்பத்தொரு நாளும் தன் கையாலேயே எனக்குப் பிள்ளைப்பேற்றுச் சரக்கு அரைத்துத் தந்தார். ஆகவே நான் சொல்லப்போகும் நடை என் மகளுக்காக நடந்த நடை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளைக்கு இரண்டு வயதானதும் மாமி புறப்பட வேண்டும் என்றார். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அதற்கு முந்தின வருடம் மிளகாய்த் தோட்டத்தில் மயங்கி விழுந்து மூன்று நாள் கண் திறக்கவில்லை. பரியாரியார் வந்து, "உச்சி வெயிலிலை இன்னொருக்கால் விழுந்தால் ஆச்சி எழும்பமாட்டா. நடக்கிறதெண்டால் நடக்கட்டும், பத்து மணிக்குப் பிறகு நாலு மணி வரையும் நிழலிலை இருக்க வேணும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்கும் கேட்டது.

கரை வழியில் நிழல் என்றால் தென்னந்தோப்புகளும் மீன்வாடிகளும்தான். வாடிகளில் ஒதுங்கவோ அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கவோ மாமி உடன்படமாட்டார். தோப்புகளும் சில இடங்களில் ஒன்றுக்கொன்று ஏழெட்டு மைல் தூரம். ஆகவே நிழலைக் கையோடு கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் என் கணவரின் தமையன் இராசநாயகம். நான் அவரை அத்தான் என்பேன். கணக்கு வாத்தியார், ஒரு காலத்தில் சாரணர்களுக்கும் பொறுப்பாக இருந்தவர். படித்த மனிதர், எதையும் யோசிக்காமல் செய்யமாட்டார். அச்சுவேலிச் சந்தையில் பழைய பட்டாளக் கூடாரத் துணி ஒன்று வாங்கி வந்து, நாலு பேர் இருக்கக்கூடிய அளவுக்கு வெட்டி ஓரம் தைப்பித்தார். தடிகளுக்கு மூங்கில் எடுத்தார். கயிறு திரித்தார். முளையில் வந்து நின்றுவிட்டார்.

முளை தெரிவு செய்யப் பதினொரு நாள் போயிற்று. துணியோடு இரும்பு முளைகள் வந்திருந்தன, ஒவ்வொன்றும் அரை இறாத்தல். "ஆறு இறாத்தல் இரும்பை ஆர் காவுறது?" என்று அவற்றை ஒதுக்கினார். பனை வைரத்தில் செய்து பார்த்தார். அதுவும் பாரம். பூவரசு சுத்தியல் அடிக்குத் தாங்கவில்லை, தலை பிளந்தது. கடைசியில் கமுகுக்கு வந்தார். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீவுவார், நிறுப்பார், இன்னும் கொஞ்சம் சீவுவார். முதுகில் சுமந்துகொண்டு போகிறவனுக்கு ஒவ்வொரு அவுன்சும் பகை என்று இங்கிலிசுப் புத்தகத்தில் இருக்கிறதாம்.

சீவி முடிந்ததும் சோதனை. வீட்டுக்குப் பின்னால் செம்மண்ணில் ஒரு முளையை அடித்து அதில் எங்கள் நாம்பன் கன்றைக் கட்டினார். துள்ளுகிற கன்று. காலையிலிருந்து மாலை வரை இழுத்தது. முளை அசையவில்லை. மறுநாள் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்துவிட்டுக் கட்டினார். அதற்கும் அசையவில்லை. ஒரு சாண் கமுகு ஒரு கன்றுக்குட்டியை நிறுத்திப் பிடிக்கிறதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். மாமி சிரித்ததை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன்.

நான் குசினி வாசலில் இருந்து வாழைப்பொத்தி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

செம்மண்ணில் வாழ்கிறவர்களுக்கு மண் என்றால் பிடிக்கிற பொருள். அவர்கள் மண்ணில் எதைக் குத்தினாலும் அது நிற்கும், அதனால் வேறு மாதிரியும் மண் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றாது. மணலில் முளை நிற்காது, ஐயா. கமுகும் நிற்காது, இரும்பும் நிற்காது. மணலில் குத்துவது எதுவும் கழன்று வரும், புதைப்பது எதுவும் வராது. எங்கள் ஆட்கள் ஒரு வெறுஞ்சாக்கில் மணலை நிரப்பி, வாயில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு குடம் கடல்தண்ணீர் ஊற்றி மிதித்துவிடுவார்கள். எந்தச் சோளகக் காற்றுக்கும் அசையாது. சாக்கில்லாவிட்டால் கரையில் ஒதுங்கிய ஒரு தடியைக் குறுக்காகப் புதைத்தாலும் போதும். சுமந்து போக ஒன்றுமே இல்லை. அத்தான் பதினொரு நாள் தேடிய பாரமில்லாத முளை அதுதான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு தரம் வாய் திறந்தேன். அத்தான் கன்றை அவிழ்க்க வந்தபோது, "அத்தான், அங்கை மணல்…" என்று தொடங்கினேன். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமி, "பிள்ளை, சத்தியம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பால் பொங்குது என்று நினைவூட்டுவது போலச் சொன்னார். நான் உள்ளே போய்விட்டேன். அன்று எனக்கு அழுகை வந்தது. அதன் பிறகு இந்த விடயத்தில் எனக்கு அழுகை வரவில்லை.

மகளை மாமியின் தங்கை இரத்தினம்மாவிடம் விட்டுவிட்டு நாலு பேர் புறப்பட்டோம். மாமி, அத்தான், என் கணவர், நான். துணியும் தடியும் அத்தானின் முதுகில். தண்ணீர்க் குடம் என் கணவரிடம். அரிசியும் சட்டியும் இரண்டு வெறுஞ்சாக்கும் என் மூட்டையில். முளைகளை மாமி தன் மடியில் கட்டிக்கொண்டார், அவருக்கு அவற்றின் பாரம் தெரியவேயில்லை. முதல் நாள் வல்லிபுரக் கோயில் மடத்தில் தங்கினோம். இரண்டாம் நாள் நாகர்கோவில். மாமி நன்றாகத்தான் நடந்தார். கோயிலில் என் நெற்றியில் தானே திருநீறு பூசி, "கால் நோகுதே பிள்ளை?" என்று கேட்டார். "இல்லை மாமி" என்றேன். மூன்றாம் நாளும் தோப்புகளிலேயே இளைப்பாறக் கிடைத்ததால் கூடாரத்துக்கு வேலை வரவில்லை. அத்தானுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் செய்த சத்தியம் வீடும் முற்றமும் சேர்ந்த அந்த வளவுக்கு மட்டும். படலையைத் தாண்டிய நிமிடத்திலிருந்து எனக்கு எந்தத் தடையும் இல்லை. நாகர்கோவில் வந்தபோது அது எனக்கு நன்றாகத் தெரியும், என் தகப்பனின் குடிசை அங்கிருந்து கூப்பிடு தூரம். இரண்டு நாள் அந்த மணலில் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். சொல்லலாம் என்று நினைப்பேன், பிறகு யாராவது கேட்கட்டும் என்று நினைப்பேன். நான் எந்த ஊர்ப் பிள்ளை என்று மூன்று பேருக்கும் தெரியும். "உங்கடை பக்கம்தானே பிள்ளை, இஞ்சை எப்பிடி?" என்று கேட்க எவ்வளவு நேரம் செல்லும்? என் கணவர்கூடக் கேட்கவில்லை. அவருக்குத் தாய்க்கும் தமையனுக்கும் பயம். எனக்கு அவரில் கோபம் இல்லை.

நாலாம் நாள் சுண்டிக்குளத்துப் பக்கமாக வெட்டவெளி. ஒன்பதரை மணியளவில் ஒரு வாடியைக் கடந்தோம். வாடிக்குச் சொந்தக்காரர், யாகப்பு என்ற வயதான சம்மாட்டியார் வெளியே வந்து, "ஆச்சி, இதுக்கங்காலை ஒரு நிழலும் இல்லை. உள்ளுக்கு வந்து இருந்திட்டு வெயில் தாழப் போங்கோ" என்றார். மாமி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, "எங்களிட்டை எல்லாம் இருக்கு" என்று நடந்தார். அத்தான் மரியாதையாக அவருக்கு நன்றி சொன்னார். அரை மணித்தியாலம் நடந்த பிறகு பத்து மணி ஆகிவிட்டது என்று நின்றோம். சோளகம் தரைப் பக்கமிருந்து நன்றாக வீசிக்கொண்டிருந்தது.

அத்தான் கூடாரம் அடித்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தடிகளை நாட்டி, துணியை விரித்து, பன்னிரண்டு முளையும் ஒரே சாய்வில் அடித்தார். நின்றது. மாமி உள்ளே போய் இருந்து, "அப்பாடா" என்றார். அவர் காலை நீட்டிய நேரத்தில் ஒரு காற்று வந்தது. தரைப் பக்கத்து நாலு முளையும் சத்தமில்லாமல் கழன்று வந்துவிட்டன.

"கொஞ்சம் ஆழமாய் அடிச்சால் சரி" என்றார் அத்தான். ஆழமாக அடித்தார். வந்தது. சாய்வை மாற்றினார். வந்தது. இரண்டிரண்டாகக் குறுக்கே கட்டி அடித்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதுவும் வந்தது. முளையின் தலையில் வைக்க ஒரு கல் தேடினார்கள். அந்தக் கரையில் கல் ஏது? பிறகு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் துணியைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அரை மணித்தியாலம் நின்றிருப்பார்கள். கை சோர்ந்து துணியைத் தளர விட்டார்கள். நடுத்தடி முறிந்து தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. குடம் உடைந்தது. மணல் அந்தத் தண்ணீரை ஒரு மிடறில் குடித்துவிட்டது.

துணியைப் போர்த்திவிட்டுப் பார்த்தார்கள், மாமி மூச்சு முட்டுகிறது என்று தள்ளிவிட்டார். வாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று என் கணவர் சொன்னார். "அங்கை போறதெண்டால் என்னை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ" என்றார் மாமி. அத்தான் மறுபடியும் முளைகளைப் பொறுக்கினார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு படித்த மனிதர், கன்று கட்டிப் பார்த்த முளை ஏன் வருகிறது என்று விளங்காமல் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். இப்படி ஒரு மணி வரை போயிற்று.

அந்த மூன்று மணித்தியாலமும் நான் என் மூட்டையின் மேல் இருந்தேன். அதற்குள் இரண்டு சாக்கு இருந்தது. நான் எழும்ப நினைத்தேன், ஐயா. பல தரம் நினைத்தேன். நாலரை வருடமாக வாய் திறக்காத ஒருத்திக்கு எங்கே இருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கை கால் எல்லாம் எனக்குரியவை மாதிரி இல்லை. எழும்பி ஒரு சாக்கை எடுத்து மணலை அள்ளினால் போதும், யாரிடமும் கதைக்கத் தேவையில்லை. அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஒரு மணிக்கு மாமியின் பேச்சு குழறத் தொடங்கியது. வியர்வை நின்றுவிட்டது. என் கணவர் தாயிடம் கேட்காமலே வாடிக்கு ஓடினார். காற்று துணியை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போக, அத்தான் அதற்குப் பின்னால் ஓடினார். நானும் மாமியும் தனியே இருந்தோம்.

பிறகு நடந்ததை அவர்கள் உங்களுக்குச் சொன்னார்கள். யாகப்பு இரண்டு ஆட்களோடும் ஒரு பாய்த்துணியோடும் ஓடி வந்தார். "சாக்கு இருக்கோ?" என்று கேட்டார். மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம்தான், புதைத்து, தண்ணீர் ஊற்றி, மிதித்து, நிழல் எழும்பிவிட்டது. அத்தான் நனைந்த துணியோடு வந்து அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு மணலில் இருந்துகொண்டு முகத்தை மூடினார். மாமியின் கண் நிலைகுத்தியிருந்தது. தூக்கிக்கொண்டு வாடிக்குப் போகும் வழியில் மூச்சு நின்றது. மறுநாள் அந்த வாடிக்குத்தான் நீங்கள் வந்தீர்கள்.

வீட்டில் இன்றுவரை என்னை நல்ல மருமகள் என்கிறார்கள். கடைசிவரை மாமிக்குப் பக்கத்தில் இருந்தவள் என்று ஒவ்வொரு திவசத்துக்கும் சொல்வார்கள். மகளுக்கும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். ஒரு திவசத்தன்று தாங்க முடியாமல், சாக்கு விடயம் எனக்கு முன்பே தெரியும் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர், "வெயிலை நீயே கொண்டந்தனி? விசர்க் கதை கதையாமல் போய்ப் படு" என்றார். வேறு யாரிடம் சொல்வது? கேட்டதைச் சொல்லாமல் விட்டால்தான் குற்றமாம். ஒருவரும் கேட்காததைச் சொல்லாமல் விட்டால் அது அடக்கமாம். நானும் இவ்வளவு காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், என்னை ஒருவரும் கேட்கவில்லை என்று.

அது உண்மை இல்லை. நான் திருத்த வேண்டியது அந்த இடத்தைத்தான்.

என் கணவர் ஓடிப்போன பிறகு, அத்தான் தண்ணீருக்குள் இறங்கிய பிறகு, மாமிக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என் முந்தானையை அவருடைய முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கையை உயர்த்தி என் முழங்கையைப் பிடித்தார். என்னை நேராகப் பார்த்து, "பிள்ளை, உன்ரை ஆக்கள் இஞ்சை எப்பிடி நிழல் போடுவினம்?" என்று கேட்டார்.

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. உன்ரை ஆக்கள் என்றார். நாலரை வருடத்தில் அவருடைய வாயில் முதல் தரம். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்படி ஒரு சந்தோசம் எனக்குக் கலியாணத்தன்றும் வரவில்லை, பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை. சாக்கு என் காலடியில் இருந்தது. கடல் இருபது அடியில் இருந்தது. வாடியிலிருந்து ஆட்கள் வர இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.

"தெரியாது மாமி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பதினெட்டு வருடமாக யோசித்துவிட்டேன். பழி வாங்க இல்லை. மாமியில் எனக்குப் பாசம் இருந்தது, அது இப்போதும் இருக்கிறது. அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான். இவ்வளவு காலம் காத்திருந்ததற்கு ஒரு தரம் போதவில்லை. இன்னொரு தரம் கேட்டால் உடனே எழும்புவது என்று நினைத்துக்கொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையைக் கூட விலக்கவில்லை. அதை நன்றாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தால் அவருடைய உதடு இரண்டு தரம் அசைந்தது. நான் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டேன். சத்தம் வரவில்லை. சத்தம் வராத ஒன்றைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ள முடியாதுதானே, ஐயா.